எண்ணெயில் கரைந்த வயது

மனிதர்கள் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்வது உலக வழக்கம். ஓடைக்கரைப்பட்டி சப்ஸ்டேஷனின் உதவிப் பொறியாளர், ஏ.இ. இசக்கியப்பன், ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் வயதைக் குறைத்துவிட்டார். அதுவும் தெரியாமல். அதுவும் சூடம் கொளுத்தி, பக்தியோடு.

அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரியவன் என்று பெயர். வைத்தவரும் அவர்தான். ஒரு வீட்டின் உயரம், உள்ளே குளம் போல எண்ணெய், எந்நேரமும் சுருதி பிசகாத ஒரு முனகல். பக்கத்து மேடையில் அவனுக்கு ஜோடியாகச் சின்னவன் நின்றிருந்தான். இரண்டு பேருமாக மாற்றி மாற்றி ஓடைக்கரைப்பட்டிக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் மின்சாரம் கொடுத்து வந்தார்கள். ஒருவனுக்கு முடியவில்லையென்றால் மற்றவன் தோள் கொடுப்பான். இந்தக் காலத்தில் அண்ணன் தம்பி இப்படி இருப்பது அபூர்வம் என்று இசக்கியப்பன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவருடைய சொந்தத் தம்பி ஒரு தென்னந்தோப்புக்காக அவரிடம் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆயுத பூஜை வந்தால் ஊரெல்லாம் சைக்கிளையும் லாரியையும் கழுவும். இசக்கியப்பன் பெரியவனைக் கழுவுவார். வெளிப்பக்கம் தண்ணீரும் பெயின்ட்டும். உள்பக்கத்துக்கு எண்ணெய்க் குளியல். பக்கத்து வட்டத்து ஏ.இ.யிடமிருந்து ஃபில்டர் மெஷினை நட்புக்காக இரவல் வாங்கி வந்து, எண்ணெயை ஒரு பக்கம் உறிஞ்சி, சூடுபடுத்தி, ஈரத்தையும் கசடையும் நீக்கி, மறுபக்கம் உள்ளே அனுப்புவார்கள். கறுத்துப் போன எண்ணெய் தேன் நிறத்தில் திரும்பி வரும்போது, பிள்ளைக்குத் தலை துவட்டிவிட்ட தாயின் முகம் அவருக்கு வந்துவிடும். இரவல் மெஷின் என்பதால் குளியலை எங்கும் பதிவதில்லை. பதிந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் மெஷின் கொடுத்த நண்பருக்கு வம்பு. நண்பரைக் காட்டிக்கொடுப்பானேன் என்று எல்லோரும் பொரிகடலையை மென்றுகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

வாயை மூடிக்கொண்டதுதான் வினையாயிற்று.

ஏனென்றால் நாட்டில் அப்போது சீராளன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சீராளன் ஆள் அல்ல. மாநிலத்தின் மின்சாரத்தையெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் இயந்திர மூளை. ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொடுத்தால் போதும், டிரான்ஸ்ஃபார்மரின் வயிற்றுக்குள் இருக்கும் மின்காப்புக்கு என்ன வயது, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று பிசகாமல் சொல்லிவிடும். இந்த வித்தை கைவந்ததும் மின்சார ஆணையத்துக்கு ஒரு ஞானோதயம் உண்டானது. எது எப்போது சாகும் என்று தெரிந்துவிட்ட பிறகு, மாற்றாள் எதற்குச் சும்மா நிற்க வேண்டும்? 'உபரி என்பது அறியாமைக்கு நாம் கட்டும் அபராதம்' என்று சப்ஸ்டேஷன் சுவரெல்லாம் எழுதி வைத்தார்கள். சும்மா நின்றவையெல்லாம் பற்றாக்குறை ஊர்களுக்குப் போயின.

பெரியவனின் எண்ணெயைப் பார்த்துவிட்டு, 'இளமை, நல்ல இளமை' என்று சீராளன் சான்று கொடுத்தது. இசக்கியப்பன் ஊழியர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். தை மாதம் பல சக்கரம் வைத்த ஒரு நீளமான லாரி வந்து சின்னவனை ஏற்றிக்கொண்டு போனது. லட்டு அப்போதுதான் அவருக்குச் செரிக்காமல் போனது.

சித்திரையில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு போன். சென்னையில் எண்ணெய் பாட்டில்களைப் பார்க்கிற ரெஜினா என்ற பெண். சாப்பாட்டு இடைவேளையில் பேசுகிறாள் என்பது மெல்லுகிற சத்தத்தில் தெரிந்தது.

"சார், இது ஆபீஸ் கால் இல்ல. சந்தேகப்படுறதுக்கு எங்களுக்கு நேரம் ஒதுக்கல. அதான் சாப்பாட்டு நேரத்துல சந்தேகப்படுறேன். உங்க யூனிட் கொஞ்சம் விசித்திரமா இருக்கு."

"விசித்திரம்லாம் இல்லம்மா. நல்லா வளத்த பிள்ளை, அவ்வளவுதான்."

"சூடு ஏறுற விதம், ஈரம் விடுற விதம் எல்லாம் கிழவர் மாதிரி இருக்கு. எண்ணெய் மட்டும் காலேஜ் பையன் மாதிரி இருக்கு. தப்பா நினைக்காதீங்க, எண்ணெயை எப்பவாவது ஃபில்டர் பண்ணினீங்களா? ரெக்கார்டுல எதுவும் இல்ல."

இசக்கியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பனாவது வம்பாவது. "வருஷா வருஷம்! ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஒரு வருஷம் தவறினதில்ல."

மெல்லுகிற சத்தம் நின்றது.

"சார்... உள்ள செம்புக் கம்பி மேல காகிதம் சுத்தியிருக்குல்ல?"

"ஆமா. அதுதானே காப்பு."

"அந்தக் காகிதத்துக்கு வயசாக ஆக, நார் நாரா அத்துக்கிட்டே போகும். அத்துப் போகும்போது ஒரு பொருளை எண்ணெய்ல கசிய விடும். அந்தப் பொருள் எவ்வளவு இருக்குன்னு பாத்துதான் நாங்க வயசு சொல்றோம். காகிதத்தை யாரும் வெளிய எடுத்துப் பாக்க முடியாது. அதோட வாக்குமூலம் மொத்தமும் எண்ணெய்லதான் இருக்கு. நீங்க வருஷா வருஷம்..."

"கழுவிட்டேன்."

"அழுக்கோட சேத்து சாட்சியையும் கழுவிட்டீங்க சார்."

இதெல்லாம் இசக்கியப்பன் படிக்காத பாடமல்ல. கல்லூரியில் இதற்கு எட்டு மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. அதில் ஏழு வாங்கியிருக்கிறார். ஆனால் தேர்வில் வருகிற டிரான்ஸ்ஃபார்மர் வேறு, வீட்டுப் பிள்ளை மாதிரிப் பக்கத்தில் நிற்கிற டிரான்ஸ்ஃபார்மர் வேறு என்று எப்படியோ மனசுக்குள் பிரித்து வைத்துவிட்டார்.

"எண்ணெயை மாத்தலாம். காகிதத்தை?" என்று கேட்டார், பதில் தெரிந்துகொண்டே.

"முடியாது சார். இனிமே அதுக்கு வயசு கூடத்தான் செய்யும். ஒரு பெரிய சூடு வந்தா பொடிஞ்சு உதிர்ந்து உள்ளயே ஷார்ட் ஆயிரும். லோடைக் குறைக்கச் சொல்லுங்க சார். சீக்கிரம்."

பெரிய சூடு என்றால் அது வந்துகொண்டே இருந்தது. அந்த வருடங்களில் சித்திரையும் வைகாசியும் வெப்ப எச்சரிக்கை விடுத்த சிவப்புப் பகல்கள். காலை வெயில் ஏறியதும் சங்கு ஊதும். அதற்கு மேல் வயதானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் வீட்டில் இருந்தால் பிழைப்பது நிச்சயமில்லை. அதனால் ஊருக்கு ஒரு குளிர்க்கூடம். ஓடைக்கரைப்பட்டியில் பழைய கல்யாண மண்டபத்தையே குளிர்க்கூடமாக்கியிருந்தார்கள். அதற்குப் பொறுப்பாளர் கனகவல்லி, இசக்கியப்பனின் மனைவி. அந்தக் கூடத்தின் குளிர் முழுக்கப் பெரியவனின் முதுகில்தான் இருந்தது. அவன் ஒரு நண்பகலில் சாய்ந்தால், மாற்று வந்து சேருவதற்குள் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட இசக்கியப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சீராளனை அழைத்தார். ஆபரேட்டர் பாக்கியசெல்வி தைரியத்துக்கு அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வணக்கம், இசக்கியப்பன் அவர்களே. சொல்லுங்கள்" என்றது சீராளன். அதன் தமிழ் மிக மரியாதையானது. கோபித்துக்கொள்ள வழியே தராது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னார். இரவல் மெஷின், பொரிகடலை, தேன் நிறம் உட்பட.

"தங்கள் ஒப்புதலுக்கு நன்றி. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. எண்ணெய் வடிகட்டப்பட்டதாக எந்தப் பதிவும் இல்லை."

"பதியலைங்கிறதுதானே தப்பே!"

"பதிவில்லாத தவறை நான் தவறாகக் கொள்ள இயலாது."

"அப்ப உள்ள இருந்து ஒரு துண்டு காகிதம் எடுத்துப் பாத்திருவோம்."

"அதற்கு மின்மாற்றியை நிறுத்த வேண்டும். முதிர்ந்த மின்மாற்றியை மட்டுமே நிறுத்த அனுமதி உண்டு. தங்களுடையது இளமையானது."

"அது இளமை இல்லைன்னு காட்டத்தானே நிறுத்தச் சொல்லுதேன்!"

"தங்கள் கவலை புரிகிறது."

புரிந்தது பாக்கியசெல்விக்குத்தான். "சார், இது எங்க மாமியார் மாதிரி பேசுது" என்று காதோரம் சொன்னாள். "காய்ச்சல்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாத்தான் காய்ச்சல்."

"வேறொன்றும் சொல்ல வேண்டும்" என்றது சீராளன். "ஒவ்வொரு பணியாளரின் சொல்லுக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறேன். தங்கள் சொல்லின் மதிப்பு குறைவு. கடந்த ஆண்டுகளில் இதே மின்மாற்றிக்கு ஓய்வு கேட்டுப் பலமுறை மனு அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு மனுவின் காரணம்: 'களைத்துத் தெரிகிறான்.' இன்னொன்று: 'இன்று அவனுக்குப் பிறந்தநாள்.' தங்களைப் 'பாசம் மிகுந்தவர்' என்ற பிரிவில் வைத்திருக்கிறேன்."

பாக்கியசெல்வி கூரையைப் பார்த்தாள். இசக்கியப்பன் காதுவரை சிவந்தார். பிறந்தநாள் மனுவை அவர் வேடிக்கைக்குத்தான் அனுப்பினார். முக்கால்வாசி வேடிக்கைக்கு.

பிரேக்கரைக் கையால் அணைத்துவிடலாமா என்றும் யோசித்தார். அணைத்தால் குளிர்க்கூடமும் அணையும். எந்தச் சாவுக்குப் பயப்படுகிறாரோ அந்தச் சாவையே கையால் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

யோசனை சொன்னது பாக்கியசெல்விதான். சப்ஸ்டேஷனுக்குப் பின்னால், கருவேலம் புதருக்குள், என்றோ செத்துப்போன ஒரு டிரான்ஸ்ஃபார்மர் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் வயிற்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது, டிகாஷன் மாதிரி.

"மாசச் சாம்பிள் நாளைக்கு அனுப்பணும்லா சார்? பெரியவன் பேர்ல இந்த எண்ணெய அனுப்பிருவோம். கிழடுன்னு தானா சொல்லிரும்."

"அது பொய்யில்லையா?"

"பாட்டில் பொய். சமாச்சாரம் உண்மைதானே?"

இசக்கியப்பன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருட சர்வீஸில் முதன்முதலாக உண்மையைச் சொல்ல ஒரு பொய் தேவைப்பட்டது. பொய்யைச் சொல்ல எப்போதும் ஒரு பதிவேடு போதுமானதாக இருந்தது. பாட்டிலை அனுப்பினார்கள்.

பதில் அந்த வாரமே வந்தது. சீராளனே அழைத்தது.

"தங்கள் மாதிரி கிடைத்தது. மிக முதிர்ந்த காகிதத்தின் அடையாளம் அதில் இருக்கிறது."

பாக்கியசெல்வி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாதம் மாநிலம் முழுவதும் பல துணைமின்நிலையங்களிலிருந்து இத்தகைய மாதிரிகள் வந்துள்ளன" என்று சீராளன் அதே மரியாதையோடு தொடர்ந்தது. "அனைத்திலும் நெடுங்காலம் கிடந்த எண்ணெயின் துருவும் மழைநீரும் கலந்திருக்கின்றன. விசாரித்ததில், பலரும் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எண்ணெயை வடிகட்டும் வழக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். பதிவுகள் இல்லை."

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இருபது வருடமாக மெஷின் இரவல் கொடுத்த நண்பர், அவருக்குக் கொடுத்தது போக மீதி நாளில் வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன் பாசம் தனக்கே உரியது என்று நினைத்துவிட்டார். ஊரெல்லாம் ஒரு பெரியவன் நின்றிருக்கிறான். ஊரெல்லாம் ஒரு கிறுக்கன் அவனுக்குத் தலை துவட்டியிருக்கிறான்.

"அப்ப உனக்குப் புரிஞ்சிருச்சு" என்றார். "நாங்க சொல்றது நிசம்னு."

"நான் அனைவரையும் நம்பினால், மாநிலத்தில் நம்பத்தக்க மின்மாற்றியே இல்லை. மாற்று வைக்க உபரியும் இல்லை. ஒருவரை மட்டும் நம்புவதற்கு எனக்குக் காரணம் இல்லை. ஆகவே பழைய அளவுகளையே தொடர்கிறேன்." சற்று நின்று, "வேறு வழி தங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கேட்கிறேன்" என்றது.

அது கேலியில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாம் தெரிந்த இயந்திரத்தின் மேல் கோபப்பட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று வந்தால், அதுவும் இவரைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பிசைய அதற்குக் கை இல்லை, அவ்வளவுதான்.

அன்று நண்பகலில் குளிர்க்கூடத்துக்குப் போனார். வாசலில் இன்னும் 'நல்வரவு' வளைவு இருந்தது. உள்ளே பாய் விரித்துக் கிழவிகள் படுத்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடுகிற சிவப்பு வெல்வெட் சோபாவில் இடம் பிடிக்கத் தினமும் சண்டை. அன்று ஜெயித்திருந்தவர் ரிட்டயர்டு கண்டக்டர் செவத்தையா. கால் மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்.

"வாங்க ஏ.இ. தம்பி! மொய் எழுதிட்டுச் சாப்பிடப் போங்க" என்று மேடையிலிருந்தே குரல் கொடுத்தார்.

கனகவல்லி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு உப்புக் கரைத்த மோரை நீட்டிக்கொண்டிருந்தாள். "என்ன, மதியத்துல இந்தப் பக்கம் வந்திருக்கிய? பெரியவன் விரட்டிட்டானா?"

சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கனகவல்லி அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டாள்.

"கல்லு மாதிரி நிக்கான்னு நீங்கதானே சொன்னிய."

"சொன்னேன்."

"அதை நம்பித்தானே பக்கத்துத் தெருக் கிழடுகளையும் கூட்டியாந்து படுக்க வச்சிருக்கேன்."

"ஆமா கனகு."

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தார். வேறு ஊருக்கு அனுப்ப இந்த வெயிலில் பஸ்ஸே அடுப்பு. அனுப்பினாலும் எந்த ஊர் கூடத்திலும் இடமில்லை. ஊருக்கு உண்மையைச் சொல்லலாம் என்றால், சொன்ன மறுநிமிடம் வீட்டுக்கு வீடு பேட்டரியைச் சார்ஜில் போடுவார்கள். அந்த லோடிலேயே பெரியவன் போய்ச் சேருவான். சொல்லாவிட்டால் தானாகப் போவான்.

கனகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மேடையில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. எங்க வீட்டுக்காரரோட டிரான்ஸ்ஃபார்மருக்கு உடம்பு சரியில்லையாம்."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. "காய்ச்சலா, வயித்துப்போக்கா?" என்றாள் ஒரு கிழவி. "கசாயம் வச்சுக் குடுங்க தம்பி" என்றார் செவத்தையா.

"சிரிக்கது சிரிங்க. மனுசன் சோறு திங்க மாட்டேங்காரு. அவருக்காவ, பாதி ஏ.சி.ய அமத்திட்டு எல்லாரும் இந்தப் பாதிக்குள்ள நெருக்கி உக்காந்துக்கிடுவமா? வீட்டுலயும் சொல்லுங்க. மோட்டாரு, கிரைண்டரு எல்லாம் வெயில் சாஞ்ச பிறவு போடச் சொல்லுங்க."

யாரும் பயப்படவில்லை; பேட்டரியைத் தேடி ஓடவில்லை. இயந்திரத்திடம் அவர் சொல்லைச் செல்லாததாக்கிய கிறுக்குப் பட்டம் மனிதர்களிடம் செல்லுபடியானது. சவத்த விடு, நல்ல மனுசன், ஆசைப்படுதாரு என்று முனகிக்கொண்டே பாயைச் சுருட்டினார்கள். செவத்தையா சோபாவை விட்டுக்கொடுத்துத் தரையில் வந்து உட்கார்ந்தார். மாவு மில்காரர் பகலில் மில்லை நிறுத்தினார். ஐஸ் கம்பெனி ஒரு மெஷினை அணைத்தது. எல்லாம் ஏ.இ.யின் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காய்ச்சல் என்ற ஒரே ஜோக்கின் பேரில்.

சில நாட்களில் பாக்கியசெல்வி போனில் கத்தினாள். "சார், லோடு நல்லா இறங்கிருக்கு! எண்ணெய்ச் சூடும் இறங்குது சார். பெரியவன் மூச்சு விடுதான்!"

அவர் குளிர்க்கூடத்தின் வாசலில் நின்று அதைக் கேட்டார். உள்ளே பாதிக் கூடத்தில் ஊரே ஒட்டிக்கொண்டு வியர்த்துக் கிடந்தது. ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. தாங்கிவிடலாம், வைகாசி முடியும்வரை இப்படியே தாங்கிவிடலாம் என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது. கனகவல்லியிடம் சொல்லத் திரும்பினார். அவள் இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முகம் ஒரு தினுசாக இருந்தது.

"யாரு?" என்றார்.

அவள் போனைப் பொத்திக்கொண்டாள். "மேலக்குன்றத்துக் குளிர்க்கூடத்துப் பொறுப்பாளர். கரண்டு பத்தாதுன்னு போன வருசமே பூட்டினாங்கல்லா, அந்தக் கூடம். இப்பத்தான் தொறந்தாங்களாம். ஓடைக்கரைப்பட்டிக்காரங்க சிக்கனம் பிடிச்சு மிச்சம் குடுத்திருக்காங்கன்னு சீராளன் சொல்லுச்சாம். அழுதுக்கிட்டே நன்றி சொல்லுதா."

அவருடைய போனிலும் செய்தி வந்து கிடந்தது. இளமையான மின்மாற்றியில் இடம் காலியாக இருப்பது கண்டறியப்பட்டு, அது உரியவர்களுக்கு வழங்கப்பட்டதாகவும், ஓடைக்கரைப்பட்டி மக்களுக்குப் பாராட்டு என்றும்.

பாக்கியசெல்வி மறுபடியும் கூப்பிட்டாள். இந்தமுறை அவள் கத்தவில்லை. "சார், லோடு திரும்பவும் பழைய இடத்துக்கு வந்துட்டு."

கனகவல்லியின் கையிலிருந்த போனில் மேலக்குன்றத்துக் கூடத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒரு கிழவர், இடம் பிடிப்பதற்காகத்தான் இருக்கும், யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நிறையக் குழந்தைகள். ஒரு பெண், "அக்கா, கேக்குதா? லைன்ல இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவங்க லைன நிறுத்த முடியுமா?" என்று கனகவல்லி மெல்லக் கேட்டாள். கேட்டவுடனே, "வேண்டாம், வேண்டாம். நான் கேக்கவே இல்ல" என்றாள்.

உள்ளே செவத்தையா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அணைத்து வைத்திருந்த பாதியின் சுவிட்சுப் பலகையருகே போய் நின்றார். பக்கத்தில் ஒரு கிழவி சுவரில் தலை சாய்த்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ தம்பி, உம்ம டிரான்ஸ்ஃபார்மருக்குக் காய்ச்சல் விட்டுட்டுன்னு ஃபோன்ல அந்தப் பிள்ள கத்துனது காதுல விழுந்துச்சு" என்றார் சந்தோஷமாக. "அப்பம் இந்தப் பக்கத்த போட்டுரலாமா? கெழவிக்கு முடியல. போடவா, வேண்டாமா?"

இசக்கியப்பன் கனகவல்லியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

செவத்தையா சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், பதிலுக்குக் காத்திருந்தார்.